எண்பது வயதுக் குழந்தைகளின் ஊர்

"அறுபது ஆகிவிட்டது. இனி நமக்கு என்ன இருக்கிறது? கண்ணை மூடுகிற வரையில் காலத்தைத் தள்ள வேண்டியதுதான்" என்று பெருமூச்சு விடுகிறவர்கள் நம் வீடுகளில் உண்டு. ஐம்பதிலேயே அந்தப் பெருமூச்சை ஒத்திகை பார்க்கத் தொடங்கிவிடுகிறவர்களும் இல்லாமல் இல்லை. அப்படிப்பட்டவர்களைக் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போய் நிறுத்த வேண்டிய ஒரு கல், ஜப்பான் தேசத்தின் தென்கோடித் தீவுகளில் ஒன்றான ஒக்கினாவாவில் இருக்கிறது.

கடற்கரை ஓரமாக நிற்கும் சாதாரணக் கல்தான். ஒகிமி என்ற கிராமத்தின் முதியோர் சங்கத்தார் 1993-ஆம் ஆண்டில் அதை நாட்டினார்கள். அதில் பொறித்திருப்பதன் சாரம் இது: இந்த ஊரில் எண்பது வயதுக்காரர் வெறும் குழந்தை. தொண்ணூறில் மேலுலகத்திலிருந்து அழைப்பு வந்தால், நூறு வரையில் பொறுத்திருக்கும்படி சொல்லித் திருப்பி அனுப்பிவிட வேண்டும். வயது ஏற ஏற எங்களுக்கு ஊக்கமும் ஏறும்; பிள்ளைகள் சீராட்ட வேண்டும் என்று காத்திருக்க மாட்டோம்.

வேடிக்கையான பேச்சு என்று சிரிக்கத் தோன்றுகிறதல்லவா? ஆனால் அந்தக் கடைசி வார்த்தை வேடிக்கை இல்லை. பிள்ளைகளை எதிர்பார்க்காமல் முதுமையைக் கழிப்பதென்றால், அதற்கு வேண்டியதையெல்லாம் முன்கூட்டியே யாராவது சேர்த்து வைத்திருக்க வேண்டும். இந்த ஊர்ப் பெண்கள் எதைச் சேர்த்து வைத்தார்கள், எப்போது சேர்த்தார்கள்? அதைப் பார்த்துவரத்தான் இந்தப் பிரயாணம். வாருங்கள், போகலாம்.

ஒரு புறம் கடல், ஒரு புறம் காடு

டோக்கியோவிலிருந்து தென்மேற்கே ஏறக்குறைய 1,500 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது ஒக்கினாவா. விமானத்தில் சுமார் மூன்று மணி நேரம். ஜப்பான் என்றதும் பனியும் செர்ரிப் பூவும் உங்கள் நினைவுக்கு வரும். நாஹா நகரத்தில் இறங்கியதும் அந்த நினைவை மூட்டை கட்டி வைத்துவிடலாம். முகத்தில் வந்து மோதுவது வெதுவெதுப்பான உப்புக் காற்று. வீட்டு வேலிகளில் செம்பருத்தி; சந்தையில் பாகற்காயும் பப்பாளியும் மஞ்சளும்! 1879-ஆம் ஆண்டு வரையில் இது ரியூக்யூ என்ற தனி ராஜ்யமாக இருந்தது. பேச்சும் பாட்டும் சமையலும் இன்றைக்கும் கொஞ்சம் தனிதான்.

நாஹாவிலிருந்து 58-ஆம் எண் நெடுஞ்சாலை மேற்குக் கரையோரமாக வடக்கே போகிறது. வழியில் மைல் கணக்கில் கம்பி வேலி வரும். அவை அமெரிக்க ராணுவத் தளங்கள். அந்த வேலியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு அதைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது. நாகோ நகரத்தைத் தாண்டியதும் கடைகளும் விளம்பரப் பலகைகளும் குறைந்துவிடுகின்றன. ஒரு புறம் பச்சையும் நீலமுமாகக் கடல். மறு புறம் யன்பாரு என்ற காடு. இந்தக் காட்டை 2021-ஆம் ஆண்டில் உலகப் பாரம்பரியச் சொத்துகளில் ஒன்றாக யுனெஸ்கோ சேர்த்தது. கடலுக்கும் காட்டுக்கும் இடையே ஒட்டிக்கொண்டிருக்கிறது, ஏறக்குறைய மூவாயிரம் பேர் வாழும் ஒகிமி.

தோட்டமே மருந்துக் கடை

இந்த ஊரில் வீட்டைப் பார்ப்பதற்கு முன் தோட்டத்தைப் பாருங்கள். பெரிய பண்ணை ஒன்றும் இல்லை; நாலு பாத்திதான். அதில் பாகல் கொடி, கீரை வகைகள், சர்க்கரைவள்ளி, ஓரத்தில் மஞ்சள். நம் எலுமிச்சையைவிடச் சிறியதாக, பச்சையாக ஒரு பழம் காய்த்துத் தொங்கும். அதற்கு ஷீக்வாசா என்று பெயர். அதன் புளிப்பு இந்த ஊரின் அடையாளம். பாட்டியை இங்கே "ஒபா" என்று அழைக்கிறார்கள். காலையில் வெயில் ஏறுமுன் ஒபா தோட்டத்தில் குந்தியிருப்பாள். குனிவதும் நிமிர்வதும் உட்கார்வதும் எழுவதுமாக, தேகப்பயிற்சி என்ற பேரே இல்லாமல் தேகப்பயிற்சி நடந்துவிடுகிறது.

சமையலிலும் ரகசியம் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. 1605-ஆம் ஆண்டில் சீனாவிலிருந்து வந்த சர்க்கரைவள்ளிக் கிழங்குதான் புயலடிக்கும் இந்த ஏழைத் தீவைக் காப்பாற்றியது. 1949-ஆம் ஆண்டுக் கணக்கின்படி, ஜனங்களுக்கு உணவிலிருந்து கிடைத்த சக்தியில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு இந்தக் கிழங்கிலிருந்தே வந்தது. அதோடு டோஃபு என்கிற சோயாக் கட்டி, காய்கறி, கொஞ்சம் மீன். பன்றி இறைச்சி உண்டு. ஆனால் அது பண்டிகைச் சாப்பாடு. வயிறு பத்துப் பங்கு என்றால் எட்டுப் பங்கு நிரம்பியதும் கையை அலம்பிவிட வேண்டும் என்பது இவர்களுடைய பழைய வழக்கம். உணவை "உயிருக்கு மருந்து" என்று பொருள்படும் ஒரு சொல்லாலேயே குறிப்பிடுகிறார்கள். நம் பாட்டிமார்களும் இதையேதானே சொன்னார்கள் என்கிறீர்களா? உண்மைதான். சொன்னதைச் செய்தார்கள் இவர்கள்; அவ்வளவுதான் வித்தியாசம்.

இப்படியும் ஒரு சீட்டு!

மாலையில் நாலைந்து ஒபாக்கள் ஒரு வீட்டுக் கூடத்தில் கூடித் தேநீர் குடித்துக்கொண்டிருந்தால், வெறும் அரட்டை என்று எண்ணிவிடாதீர்கள். அது ஒரு மோவாயாக இருக்கலாம்.

மோவாய் என்பது வேறொன்றும் இல்லை. நம் வீட்டுப் பெண்களுக்கு நன்றாகத் தெரிந்த சீட்டுத்தான்! தெரிந்தவர்கள் சிலர் ஒன்று சேர்வார்கள். மாதம் ஒரு நாள் கூடி ஆளுக்கு ஒரு தொகை போடுவார்கள். சேர்ந்த பணத்தை முறைவைத்து ஒருவர் எடுத்துக்கொள்வார். பிள்ளையின் படிப்புக்கு, கல்யாணத்துக்கு, வைத்தியத்துக்கு, புயலில் பறந்துபோன கூரைக்கு என்று அது பயன்படும். வங்கிகள் ஏழைகளை எட்டிப் பார்க்காத காலத்தில் பிறந்த ஏற்பாடு.

வங்கிகள் வந்தன. மோவாய் போகவில்லை. ஏனென்றால், பணத்தைவிடப் பெரிய ஒன்று அதில் சேர்ந்துபோயிருந்தது. மாதம் ஒரு முறை என்று இருபது, முப்பது, நாற்பது வருஷம் ஒரே முகங்களைப் பார்த்துக்கொண்டே வந்தவர்கள், கடைசியில் சீட்டுக்காகவா கூடுகிறார்கள்? யாருக்கு முழங்கால் வலி, யாருடைய மருமகள் கோபித்துக்கொண்டு போனாள், யார் சரியாகச் சாப்பிடவில்லை என்பதெல்லாம் அங்கே வெளிவந்துவிடும். வராதவள் ஏன் வரவில்லை என்று கேட்க ஒருத்தி இருப்பாள்.

இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. எழுபத்தைந்தாம் வயதில் கணவரை இழந்த பெண், மறுநாள் போய் நாற்பது வருஷத்துச் சிநேகிதியைத் தேடிக்கொள்ள முடியாது. அவளை முப்பத்தைந்தாம் வயதிலேயே தேடி வைத்திருக்க வேண்டும். ஒகிமியின் மூதாட்டிகளுக்குக் கிடைக்கும் துணை, மாதத் தவணையாக முன்பே கட்டி முடித்த துணை.

கடைக்கும் இவர்களுக்கு இப்படி ஒரு ஏற்பாடு உண்டு. ஊரார் எல்லோரும் பங்குபோட்டு நடத்தும் கூட்டுக் கடை அது. பக்கத்துக் கிராமப் பகுதியான குனிகாமியில், ஓகு என்ற சிற்றூரில், 1906-ஆம் ஆண்டில் முதல் கடை தோன்றியது. பிறகு வட ஒக்கினாவா எங்கும் பரவியது. பட்டணத்துக்குப் போக முடியாத வயதிலும் சோப்பும் சீனியும் நடந்து போகிற தூரத்தில் கிடைக்கிறதென்றால், அது யாரோ முன்யோசனையோடு செய்த காரியம்.

வாழைநாரில் ஒரு வாழ்க்கை

ஒகிமியில் கிஜோகா என்ற சிற்றூருக்குப் போகாமல் திரும்பிவிடக் கூடாது. நாம் பூக்கட்டிவிட்டு எறிந்துவிடும் வாழைநாரில் இங்கே துணி நெய்கிறார்கள்! பாஷோஃபு என்று பெயர். அதற்கென்றே வளர்க்கும் நார்வாழை. நம் பழவாழைக்கு உறவு. தும்பியின் இறகு போல மெல்லிசான துணி. எவ்வளவு புழுக்கத்திலும் உடம்பில் ஒட்டாது.

அந்தத் துணிக்கு ஆகும் பொறுமையைக் கேளுங்கள். கன்று நட்டால் வெட்டுவதற்கு ஏறக்குறைய மூன்று வருஷம் ஆக வேண்டும். ஒரே ஓர் உடுப்புக்குச் சுமார் இருநூறு மரம் வேண்டும். பட்டையை உரித்து, சாம்பல் நீரில் வேகவைத்து, மூங்கிலால் வழித்து, நாரை நகத்தால் கிழித்து, ஒன்றோடு ஒன்று முடிச்சுப் போட்டு நூலாக்க வேண்டும். காற்று உலர்ந்தால் நூல் அறுந்துவிடும் என்பதால் நெசவுக்கு ஈரமான மழைக்காலமே உகந்தது.

இவற்றில் மிகவும் நேரம் பிடிப்பது முடிச்சுப் போடும் வேலை. அதைச் செய்கிறவர்களில் பெரும்பாலோர் ஊரின் வயதான பெண்கள். ஓடியாடத் தேவையில்லை, வீட்டில் உட்கார்ந்தபடியே செய்யலாம். இளம் கைகளுக்கு வராத நிதானம் அதற்கு வேண்டும். அவர்கள் நூல் தராவிட்டால் தறி ஓடாது. "இந்த வயதில் உங்களுக்கு எதற்கு வேலை, சும்மா இருங்கள்" என்று கிஜோகாவில் யாரும் சொல்வதற்கில்லை!

இந்தக் கலை ஒரு சமயம் அழிந்தே போயிருக்க வேண்டியது. 1945-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் ஜூன் வரையில் ஒக்கினாவாவில் நடந்த யுத்தத்தில், தீவின் ஜனங்களில் சுமார் நாலில் ஒருவர் மாண்டார்கள். யுத்தம் முடிந்தபின், கொசு பெருகி மலேரியா வருகிறதென்று அமெரிக்கப் படையினர் வாழைகளை வெட்டித் தள்ளினார்கள். யுத்தகாலத்தில் ஜப்பானின் பெரிய தீவுக்குத் தொழிற்சாலை வேலைக்குப் போயிருந்த தாய்ரா தோஷிகோ என்ற பெண், அங்கே குராஷிகி நகரத்தில் நெசவைத் தேர்ந்து கற்றுக்கொண்டு சொந்த ஊர் திரும்பினார். 1921-ஆம் ஆண்டில் பிறந்தவர். அப்போது இருபத்தைந்து வயதைத் தொட்டிருந்தார். திரும்பி வந்து பார்த்தால், மரமும் இல்லை, வாங்குவாரும் இல்லை. அவர் கன்று நட்டார். யுத்தத்தில் கணவரை இழந்த பெண்களைச் சேர்த்துக்கொண்டு நாரில் வேலை தொடங்கினார்.

1974-ஆம் ஆண்டில் ஜப்பான் அரசாங்கம் கிஜோகாவின் பாஷோஃபுவைத் தேசத்தின் முக்கியமான கலைச் செல்வமாக அறிவித்தது. 2000-ஆம் ஆண்டில் தோஷிகோ அம்மையாருக்கு "வாழும் தேசியச் செல்வம்" என்ற கௌரவம் கிடைத்தது. அப்போது அவருக்கு வயது எழுபத்தொன்பது. இந்த ஊர்க் கணக்குப்படி இன்னும் குழந்தைகூட ஆகவில்லை! அதற்குப் பிறகும் இருபது வருஷத்துக்கு மேல் வாழ்ந்து, 2022-ஆம் ஆண்டில் தமது நூற்றோராம் வயதில் காலமானார். தமக்குத் தெரிந்ததைத் தம்மோடு கொண்டு போகவில்லை. அந்தப் பணி இன்று யார் கையில் தெரியுமா? அவருடைய மருமகள் கையில்! மாமியாரும் மருமகளும் ஒரே நாரைப் பிடித்துக்கொண்டு பல வருஷம் வேலை செய்தார்கள் என்ற இந்த ஒரு செய்திக்காகவே கிஜோகாவுக்குப் பிரயாணம் போகலாம்.

தொண்ணூற்றேழில் காற்றாடி

நமக்கு அறுபதாம் கல்யாணமும் எண்பதில் சதாபிஷேகமும் இருப்பதுபோல, இவர்களுக்குத் தொண்ணூற்றேழில் ஒரு விழா உண்டு. காஜிமாயா என்று பெயர். காற்றில் சுழலும் காகிதக் காற்றாடிக்கும் அதே பெயர்தான். தொண்ணூற்றேழு ஆனவர் மறுபடியும் குழந்தையாகிவிடுகிறார் என்று கையில் காற்றாடியைக் கொடுத்து, வண்ண உடை உடுத்தி, அலங்கரித்த திறந்த வண்டியில் ஊர்வலமாக அழைத்து வருகிறார்கள். தெரு இரு மருங்கிலும் ஜனங்கள் நின்று அந்தக் கையைத் தொட்டு, "எங்களுக்கும் அந்த ஆயுசு வரட்டும்" என்று வேண்டிக்கொள்கிறார்கள். முதுமை இங்கே மூலையில் கிடத்த வேண்டிய பாரம் அல்ல. தெருவில் ஊர்வலம் வரவேண்டிய பெருமை.

வேலிக்கு அப்பாலிருந்து வந்தது

இத்துடன் கட்டுரையை முடித்துவிட்டால் உங்களுக்கும் மகிழ்ச்சி, எழுதுகிறவனுக்கும் சுலபம். ஆனால் மீதியைச் சொல்லாமல் விடுவது நியாயம் ஆகாது.

ஜப்பானில் 47 மாகாணங்கள். 1985-ஆம் ஆண்டுக் கணக்கில் ஆண்கள், பெண்கள் இருபாலாரின் ஆயுளிலும் ஒக்கினாவாதான் முதல் இடம். 2000-ஆம் ஆண்டில் ஆண்கள் 26-ஆம் இடத்துக்கு விழுந்தார்கள். தீவே திடுக்கிட்டது. பெண்கள் 2010-இல் முதல் இடத்தை இழந்து மூன்றாம் இடத்துக்கு வந்தார்கள். 2020-ஆம் ஆண்டுக் கணக்கில் பெண்கள் 16-ஆம் இடம். ஆண்கள் 43-ஆம் இடம்.

என்ன நேர்ந்தது? வழியில் பார்த்தோமே, கம்பி வேலி, அது நினைவிருக்கிறதா? 1972-ஆம் ஆண்டு வரையில் இந்தத் தீவு அமெரிக்க ஆட்சியில் இருந்தது. டப்பாவில் அடைத்த இறைச்சியும் பொரித்த பண்டங்களும் ஜப்பானின் மற்றப் பகுதிகளுக்கு முன்னால் இங்கே வந்துவிட்டன. கிழங்கு தட்டிலிருந்து போயிற்று. நாஹாவையும் அதன் அண்டை ஊரையும் விட்டால் ரெயில் கிடையாது. ஆகையால் பக்கத்துத் தெருவுக்கும் மோட்டார். தோட்டத்தில் குந்தியவர்களின் பேரன்மார் நாற்காலியிலும் வண்டியிலும் உட்கார்ந்துவிட்டார்கள்.

வேதனை எங்கே என்றால், கிழவர் கிழவியரின் ஆயுள் சட்டென்று குறைந்துவிடவில்லை. அறுபத்தைந்து ஆகாத நடுவயதுக்காரர்களே அதிகமாக மாண்டார்கள். மூத்தவர்கள் இருக்க இளையவர்கள் முந்திக்கொள்ளும் கொடுமைக்கு அந்த நாட்டில் தனியாக ஒரு சொல்லே உண்டு. தொண்ணூறு வயதுத் தாய் தோட்டத்தில் கீரை பறிக்கிறாள். அறுபது வயது மகன் ஆஸ்பத்திரியில் கிடக்கிறான். தாய் எதையெல்லாம் முன்கூட்டிச் சேர்த்தாளோ, மகன் அதில் எதையும் சேர்க்கவில்லை. ஊரும் மாறவில்லை, ரத்தமும் மாறவில்லை. ஒரே தலைமுறையில் இவ்வளவும் நடந்துவிட்டது.

யுத்தத்தில் ஊர்ப் பதிவேடுகள் எரிந்துபோனதால், நூறு வயதுக்காரர்களின் கணக்கையே சந்தேகிக்கிற ஆராய்ச்சியாளர்களும் உண்டு. இருக்கட்டும். ஒரு ஒபாவுக்கு நூற்றிரண்டா, தொண்ணூற்றாறா என்பதற்காக நாம் இவ்வளவு தூரம் வரவில்லை. அந்த வயதிலும் தன் கீரையைத் தானே பறித்து, தன் சிநேகிதியோடு தேநீர் குடித்து, தன் கையால் நூல் முடிந்தாளே, அதைப் பார்க்கத்தான் வந்தோம்.

நாற்பது என்ற எண்

எவ்வளவு தோட்டம் போட்டாலும், எத்தனை மோவாயில் சேர்ந்தாலும், ஒரு நாள் கை நடுங்கத்தான் செய்யும். கால் தள்ளாடத்தான் செய்யும். குளிப்பாட்ட ஆள் வேண்டும். படுக்கையிலிருந்து தூக்கிவிட ஆள் வேண்டும். அந்தப் பாரத்தை எல்லா நாடுகளிலும் பெரும்பாலும் சுமக்கிறவர்கள் யார்? மகளும் மருமகளும்தான். ஜப்பானிலும் அப்படித்தான் இருந்தது.

இதற்காக 2000-ஆம் ஆண்டு ஏப்ரலில் அந்த நாடு ஓர் இன்ஷூரன்ஸ் திட்டத்தைக் கொண்டுவந்தது. நாற்பது வயது ஆனவுடன் எல்லோரும் அதற்குத் தவணை கட்டியாக வேண்டும். அறுபத்தைந்துக்கு மேல் ஒத்தாசை தேவைப்பட்டால், ஊராட்சி மன்றத்தார் ஆளை அனுப்பிச் சோதிப்பார்கள். எவ்வளவு உதவி வேண்டும் என்று ஏழு படிகளாகப் பிரித்து நிச்சயிப்பார்கள். அதற்கேற்ப வீட்டுக்கு உதவியாள் வருவார். அல்லது பகல் நேர இல்லத்துக்கு வண்டியில் அழைத்துப் போய்க் குளிப்பாட்டி, சாப்பாடு கொடுத்து, மாலையில் கொண்டுவந்து விடுவார்கள். ஆகும் செலவில் பெரும்பாலோர் கையிலிருந்து கொடுக்க வேண்டியது பத்தில் ஒரு பங்கு. வசதியுள்ளவர்கள் இரண்டு அல்லது மூன்று பங்கு. குறைகள் இல்லாத திட்டம் அல்ல. ஆனாலும் "நாளை யார் பார்ப்பார்கள்?" என்ற கேள்வியை மருமகளின் தலையில் மட்டும் கட்டிவிடாமல், நாற்பதாம் வயதிலேயே அவரவரிடம் கேட்டுவிடுகிறார்கள் பாருங்கள், அது பெரிய காரியம்.

நம்மை நாற்பதில் பிடித்து உட்காரவைத்து அப்படிக் கேட்க ஒருவரும் இல்லை. ஆகையால் நாமே கேட்டுக்கொள்ள வேண்டியதுதான். வங்கியில் எவ்வளவு இருக்கிறது என்பது முதல் கேள்வி. கட்டாயம் கேட்க வேண்டியது. ஆனால் அது ஒன்றே கேள்வி அல்ல. நாம் நாலு நாள் வெளியே தலைகாட்டாவிட்டால், கதவைத் தட்டுகிறவள் யார்? நம் கையை எதிர்பார்த்து நிற்கும் வேலை ஏதாவது உண்டா? தரையில் உட்கார்ந்து, கை ஊன்றாமல் எழுந்திருக்க முடிகிறதா? படுத்துவிட்டால் என்ன செய்ய வேண்டும் என்று பிள்ளைகளோடு உட்கார்ந்து நிதானமாகப் பேசியாயிற்றா?

இவற்றுக்குப் பதில் தேடுகிறவர்கள் ஒகிமிக்கு விமானம் ஏற வேண்டியதில்லை. வாசலில் ஒரு தொட்டியில் கீரை விதைக்கலாம். வெகு நாளாகப் பேசாத சிநேகிதிக்கு இன்று மாலையே ஒரு டெலிபோன் போடலாம். மாதம் ஒரு நாள் கூடுவதென்று தேதி குறிக்கலாம். நார்வாழை நட்டு மூன்று வருஷம் காத்திருக்கிறார்களே, அவர்களுக்கு ஒன்று நன்றாகத் தெரியும்: இந்த வருஷம் நடாத கன்றை மூன்றாம் வருஷம் வெட்ட முடியாது.